பானையும் சட்டியும்: அடுப்படியின் சமுதாய வரலாறு

ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சமையற் பாத்திரங்கள் எவை, அவற்றுள் நல்லவை எவை என்னும் வினா எழும்போது நாம் கடைக்காரரிடம் செல்கிறோம். அல்லது வீட்டு மூத்த பெண்களிடம் செல்கிறோம். வரலாற்று மாணவனிடம் எவரும் செல்வதில்லை. அவனும் அதனைத் தன் துறைக்குரிய வினாவாக மதிப்பதில்லை. மன்னர்தம் போர்களையும் முடிசூட்டுகளையும் காலவரிசைப்படுத்துவதற்கு அவனுக்குக் கைகொடுப்பவை பல வேளைகளில் உடைந்த பானை ஓடுகளே என்பதையோ அவன் எளிதில் மறந்துவிடுகிறான். அரசனின் பெயர் அழிந்துபோகிறது. அவனுக்குச் சோறாக்கிய பானையின் ஓடு மண்ணுக்குள் அழியாதிருக்கிறது.

எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறியது என்பதை, அந்த வீட்டுக்காரரின் விருப்பம் மட்டும் தீர்மானித்த காலம் ஒன்று இருந்ததாக நாம் கருதவில்லை. நிறுவைத் தராசு, விறகு, சாதிச்சட்டம், பாத்திரம் தேய்க்கும் கை ஆகியவை சேர்ந்தே அதனைத் தீர்மானித்து வந்துள்ளன. அக்காரணங்களைத் தெரிந்துகொண்டவருக்குக் கடைத்தெருவிற் பாத்திரம் தெரிவதும் சற்றே எளிதாகலாம்.

மண்ணிலிருந்தே தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கந்தரோடையில் 1970ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வாய்வில், தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டோடு தொடர்புடைய கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. கலத்தின் உட்புறமும் வாய்ப்புறமும் கறுத்தும், புறத்தின் கீழ்ப்பகுதி சிவந்தும் காணப்படும் அப்பாண்டங்கள், சூளைக்குள் காற்று எங்கே படவேண்டும், எங்கே படலாகாது என்பதைக் கணக்கிட்டறிந்த தொழிலாளரின் ஆக்கம். தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரிலும் இதே கதைதான். ஆயின், அங்கே மட்பாண்டங்களோடு வெண்கலப் பாண்டங்களும் கிடைத்தன. மட்கலங்கள் ஏராளம், வெண்கலக் கலங்கள் அவற்றோடு ஒப்பிடச் சிலவே. இறந்தோரைப் புதைத்த தாழியருகிற்கூடப் பலருக்கு மண்ணும் சிலருக்கு உலோகமும் என்னும் பாகுபாடு நுழைந்துவிட்டது.

மட்பாண்டத்தை வறுமையின் அடையாளம் என்று மட்டும் கொள்வது தவறு. அதன் உருண்ட அடி, மூன்று கல் அடுப்பில் ஆடாது அமர்வதற்கும், மேலெழும் தீ நாக்கு பக்கமெல்லாம் தழுவுவதற்கும் ஏற்றது. மண் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். எனவே மெதுவாகச் சூடேறி, இறக்கி வைத்த பின்னரும் நெடுநேரம் சூட்டை விடாதிருக்கும். புளியோடும் தேசிக்காயோடும் அது வினை புரியாது. புளி விட்ட மீன்கறியை மறுநாள் வரை சட்டியிலேயே வைத்திருந்து உண்ணும் நம் வழக்கம், சுவை பற்றியது மட்டுமன்று. செம்பிலோ பித்தளையிலோ அதனைச் செய்திருந்தால் நஞ்சாகியிருக்கும். சிரட்டை அகப்பையும் இக்காரணம் பற்றியே நிலைத்தது: உலோகக் கரண்டி மண்ணைச் சுரண்டும், சிரட்டை சுரண்டாது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பனையோலையால் ஆனது. குயவரின் மண்ணும், தென்னையும், பனையும் கூடி ஒரு முழுமையான சமையற் கருவித் தொகுதியையே ஆக்கியிருந்தன. இரும்பிலே ஒரு தாச்சி இருந்தால் பொரிப்பதற்கும் வறுப்பதற்கும் போதும். ‘தொகுதியாக’ விற்கப்படும் பாத்திரங்களைப் பற்றி இன்று பேசுவோர், இந்தப் பழைய தொகுதியில் ஒன்றேனும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மட்பாண்டத்தின் குறை அது உடையும் என்பது. அதனைக் காட்டிலும் பெரிய குறையொன்றை அதன் மீது ஏற்றியது சமுதாயம்: மண் தீட்டை உறிஞ்சும் என்னும் கொள்கை அது.

மனுதருமத்தின் ஐந்தாம் அத்தியாயம் பாத்திரங்களைத் தூய்மை செய்யும் முறையை விதிக்கிறது. கறைபடாத பொற்கலம் நீரினால் மட்டுமே தூய்மையாகிவிடும். செம்பு, இரும்பு, பித்தளை, ஈயம் முதலியவற்றுக்குச் சாம்பலும் புளிப்பும் நீரும் வேண்டும். மட்கலத்தை மீண்டும் சூளையில் இட வேண்டும். சில தீட்டுகள் பட்டுவிட்டால் சூளையிலிட்டும் பயனில்லை, அது ஒழிந்தது. விலை ஏற ஏறத் தீட்டுக் குறைகிறது என்பதை வாசகர் கவனிப்பாராக! பொன்னில் உண்பவனுக்கு ஒரு கை நீர். மண்ணில் உண்பவனுக்குப் பானையையே இழத்தல். அதே நூலின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர் எனப்பட்டோர் உடைந்த கலத்திலேயே உணவு பெற வேண்டும் என விதிக்கிறது. ஆக, பாத்திரத்தைத் ‘தெரிவு செய்யும்’ உரிமையே மறுக்கப்பட்ட ஒரு மக்கட் பிரிவு சட்ட நூலிலேயே படைக்கப்பட்டிருந்தது.

இது ஏட்டோடு நின்றிருந்தால் நாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியைப் பலரும் பழம்பெருமை பேசிக் காட்சிக்கு வைக்கின்றனர். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே மூக்கு வைத்து வார்த்த கலம் அது. சுகாதாரம் என்று அதற்கு விளக்கம் கூறுவோர் உளர், நாமும் மறுக்கவில்லை. ஆனால் அதே வீட்டின் புறத்தே நின்ற தொழிலாளிக்கு மூக்குப்பேணி நீட்டப்படவில்லை, சிரட்டை நீட்டப்பட்டது. சுகாதாரம் ஏன் படலையோடு நின்றுவிட்டது என்னும் வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடையில்லை. தேநீர்க் கடைகள் தோன்றியபோது சிரட்டையின் இடத்தைப் போத்தலும் தகரப்பேணியும் பிடித்தன. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இத்தகைய மறுப்புகளைக் குற்றமாக்கியது. சட்டம் தாளில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த ஆண்டுகளின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் ஒரு கோப்பைக்காகவும் நடந்தவை என்று கூறினால் அது அப்போராட்டங்களைச் சிறுமைப்படுத்துவதாகாது. எல்லோரும் குடிக்கும் கோப்பையிற் குடிக்கும் உரிமை அத்தகையது.

இனி உலோகத்துக்கு வருவோம். செம்பும் பித்தளையும் வெண்கலமும் வீட்டுக்குள் வந்தது சமைப்பதற்காக மட்டுமன்று. அவை நிறுத்து விற்கப்பட்டன. தேய்ந்த பின்னும் நிறைக்கு விலை பெற்றன. வங்கியை அறியாத குடும்பத்துக்குச் சருவச்சட்டியும் குடமும் கிடாரமும் சேமிப்பு, மகளுக்குக் கொடுக்கும் சீர், நெருக்கடியில் அடகு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சத்தில், நகைக்கும் கால்நடைக்கும் அடுத்தபடியாக மக்கள் விற்றுத் தின்றது தங்கள் பித்தளைப் பாத்திரங்களையே. சோறாக்கும் பாத்திரத்தை விற்றுச் சோறு வாங்கும் நிலையை எண்ணிப் பார்த்தாற்றான் அந்தப் பஞ்சத்தின் கொடுமை விளங்கும்.

செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் நம் அடுப்படி உலோகங்கள் யாவற்றையும் விஞ்சியது. துருப்பிடியா உருக்கோடு ஒப்பிட்டால் இருபது மடங்குக்கு மேல். ஆயினும் புளிப்புப் பட்டாற் களிம்பு ஏறும். அதனாலேயே உட்புறத்துக்கு ஈயம் பூச வேண்டியிருந்தது. பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சினால் ஒரே வீச்சில் தடவும் அத்தொழிலாளர் ஊர் ஊராகச் சென்றனர். அவர்கள் பூசியது வெள்ளீயமா, காரீயங் கலந்த மலிவுக் கலவையா என்பதை வாங்குவோர் அறிய வழியில்லை. இரண்டையும் ‘ஈயம்’ என்னும் ஒரே சொல்லால் வழங்கும் நம் மொழி வழக்கும் இதில் ஏமாற்றுக்காரருக்குத் துணைபோயிற்று.

சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பையே உவமை காட்டினர். களிம்பு வெளியிலிருந்து வருவதன்று, செம்போடு கூடவே இருப்பது என்பது அவர்தம் கருத்து. நுட்பமான உவமைதான். எனினும், நாள்தோறும் புளியும் சாம்பலும் கொண்டு அக்களிம்பைத் தேய்த்து நீக்கியவர் யார் என்று எந்தச் சித்தாந்தியும் கேட்டதாகத் தெரியவில்லை. கிணற்றடியிற் குந்தியிருந்து கிடாரத்தைப் புரட்டிப் புரட்டி விளக்கிய பெண், தத்துவத்துக்கு உவமை தந்தாள். தத்துவத்தில் இடம் பெறவில்லை.

இந்நிலையிலேதான் அலுமினியம் வந்தது. இன்று ஏழைகளின் உலோகமாகக் கருதப்படும் இது, ஒரு காலத்தில் அரும்பொருள். 1884இல் அமெரிக்கத் தலைநகரின் வாஷிங்டன் நினைவுத்தூணுக்கு உச்சி முடி வைத்தபோது, பெருமைக்குரிய உலோகமென்று அலுமினியத்தையே தெரிந்தனர். அதன் பின் இரண்டே ஆண்டுகள்: 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஹெரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்னாற்பகுப்பினால் அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டனர். இருவரும் இளைஞர்கள். விலை சரிந்தது. மின்சாரம் மலிவாகக் கிடைத்த நாடுகளில் உற்பத்தி பெருகியது. பெருகிய உலோகத்துக்குச் சந்தை தேவைப்பட்டது.

அது சமையற் பாத்திரமாகத் தென்னாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. சென்னைப் பொறியியற் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த அல்பிரட் சாட்டர்டன் என்பார், சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பை ஏற்ற காலத்தில், 1898ஆம் ஆண்டு அரசாங்கப் பண உதவியோடு அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். பித்தளைக் கன்னாரின் கைத்திறனே அதற்கு அடிப்படை. கணக்கு எளிமையானது. அலுமினியத்தின் அடர்த்தி 2.7; பித்தளையின் அடர்த்தி ஏறத்தாழ 8.5. ஓர் இறாத்தல் பித்தளையில் ஒரு பாத்திரம் அடிக்கலாம் என்றால், ஓர் இறாத்தல் அலுமினியத்தில் அதே அளவான பாத்திரங்கள் மூன்று அடிக்கலாம். இறாத்தல் விலை கூடுதலாயிருந்தாலும் பாத்திரத்தின் விலை குறையும். ஈயம் பூச வேண்டியதில்லை, தூக்குவதற்கு இலகு.

தொழில் வென்றது. 1903இல் அரசாங்கம் அதனை இந்தியன் அலுமினியம் கொம்பனி என்னும் தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. முதலீட்டின் ஆபத்தைப் பொது நிதி சுமந்தது. இலாபம் தோன்றியதும் தனியார் வந்தனர். இதனோடு கதை முடியவில்லை. சாட்டர்டன் தோல் பதனிடுதல், நெசவு முதலிய வேறு தொழில்களிலும் இவ்வழியே முயன்றபோது, சென்னையின் ஐரோப்பிய வணிகர் கூக்குரலிட்டனர். அரசு தொழில் நடத்துவது தனியார் முயற்சிக்குப் போட்டி என்பது அவர்தம் முறைப்பாடு. இந்திய விவகார அமைச்சராயிருந்த மோர்லி பிரபு 1910இல் அம்முயற்சிகளுக்கு முட்டுக்கட்டை இட்டார். சென்னையின் கைத்தொழிற்றுறையும் மூடப்பட்டது. தாராளவாதி எனப் புகழ்பெற்றவர் மோர்லி. அந்தத் தாராளம் குடியேற்ற நாட்டின் பாத்திரக் கடை வரையிலும் எட்டவில்லை போலும்.

இந்திய மண்ணில் அலுமினியத்தின் கனிப்பொருளான போக்சைட்டு மிகுதியாக இருந்தது. ஆயினும் அங்கே முதன்முதலில் அலுமினியம் உருக்கப்பட்டது 1943இல், கேரளத்து ஆலுவாய்க்கு அருகில். தமிழ்நாட்டு மேட்டூரில் உருக்காலை தோன்றியது 1965இல். சாட்டர்டனின் பட்டறை தொடங்கி மேட்டூர் வரை ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். தன் நிலத்துக் கனியை வைத்துக்கொண்டு அயல்நாட்டுத் தகட்டை வாங்கிச் சட்டி அடித்த அந்த ஆண்டுகள் குடியேற்றப் பொருளாதாரத்தைப் பாடநூல்களிலும் தெளிவாக விளக்குகின்றன.

அலுமினியத்தை நாம் இகழவில்லை. அது ஏழைப் பெண்ணின் இடுப்பிலிருந்து பெருஞ்சுமையை இறக்கியது. குயவரின் சூளையை அவித்தது என்பதும், கன்னாரின் பட்டறையை மெலிவித்தது என்பதும் உண்மை; அத்தொழிலாளருக்கு மாற்று வழி காட்டாதது உலோகத்தின் குற்றமன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மழை இரவில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அந்நடையிற் சுமக்கத்தக்கது எது? வெண்கலப் பானை கனக்கும், மண்பானை உடையும். துணி மூட்டையோடு கட்டிய அலுமினியச் சட்டியே வழியிற் கஞ்சி காய்ச்ச உதவியது. பரம்பரைச் சேமிப்பான பித்தளை, வீட்டோடு பின்தங்கி, பலருக்குத் திரும்பக் கிடைக்காமலே போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பாத்திரங்களை வரிசையிட்டுப் பார்க்கும்போது, அடுப்படிக்கும் படைக்கலச் சாலைக்கும் இடையே ஒரு வழி திறந்திருப்பதைக் காண்கிறோம். துருப்பிடியா உருக்கை எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் ‘எவர்சில்வர்’ என்றும் ‘சில்வர்’ என்றும் வழங்கும் இவ்வுலோகத்தை, 1913இல் ஷெபீல்ட் நகரத்து ஹரி பிரியர்லி வார்த்தெடுத்தபோது அவர் தேடியது சோற்றுக் கரண்டியை அன்று. துப்பாக்கிக் குழல் தேய்ந்துபோகாதிருக்கும் உருக்கை. உருக்குத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த அவர், அமிலம் அரிக்காத இவ்வுலோகத்தின் பயன் கத்திக்கும் கரண்டிக்கும் உண்டு எனக் கண்டுகொண்டார். ஒட்டாத பாத்திரங்களிற் பூசப்படும் டெஃப்லோன், 1938இல் அமெரிக்க இரசாயன ஆய்வுகூடமொன்றில் தற்செயலாகக் கிடைத்தது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியச் சேர்மத்தின் அரிப்பைத் தாங்குவதற்கு முதலிற் பயன்பட்டது. பொரிக்கும் சட்டிக்கு அது வந்தது ஐம்பதுகளின் நடுப்பகுதியில், பிரான்சில். எதிர்த்திசையிலும் பயணம் நடந்துள்ளது: 1940 யூலையில் பிரித்தானிய அரசாங்கம் போர்விமானம் செய்ய அலுமினியப் பாத்திரங்களைத் தருமாறு குடும்பப் பெண்களைக் கேட்டது; அவர்களும் சட்டிகளைக் கொண்டுவந்து குவித்தனர்.

ஒட்டாத பாத்திரத்தின் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அப்பூச்சைத் தயாரிக்க உதவிய அமிலமொன்று, மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பேர்க் அருகே தொழிற்சாலையைச் சூழ்ந்த ஊர்களின் குடிநீரிற் கலந்தது. வழக்குகள் பல்லாண்டு நீண்டு, 2017இல் ஏறத்தாழ 67 கோடி டொலர் இழப்பீட்டில் முடிந்தன. 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை அவ்வமிலத்தை விலக்கப்பட வேண்டியவற்றுட் சேர்த்தது. இன்றைய பூச்சுகள் அதனைப் பயன்படுத்தாமற் செய்யப்படுகின்றன. என்றாலும் வெறுஞ்சட்டியைப் பெருந்தீயில் வைத்தாற் பூச்சுச் சிதையும், சுரண்டினால் உரியும். கடுகு வெடிக்கவைத்துத் தாளிக்கும் நம் சமையலுக்கு அது ஏற்ற தோழனன்று.

வசதியுள்ளோர் உரிந்த பூச்சைப் பற்றிக் கவலைப்படுகையில், வசதியற்றோரின் அடுப்பில் வேறோர் ஆபத்து வேகிறது. பழைய இயந்திர உறுப்புகள், வாகனத் துண்டுகள் என அகப்பட்ட கழிவு உலோகத்தையெல்லாம் உருக்கி வார்க்கும் மலிவான அலுமினியச் சட்டிகள் பல நாடுகளின் சந்தைகளில் விற்கப்படுகின்றன. வளர்முக நாடுகள் பத்திலிருந்து பெற்ற 42 பாத்திரங்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை உணவிலே காரீயத்தைக் கசியவிடும் அபாயமுடையனவாகக் காணப்பட்டன. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். கண்ணாலோ நாவாலோ அதனை அறிய முடியாது. வாங்கும் தாயின் விழிப்புணர்வு இங்கே பயன்படாது. தரம் பார்க்கும் அரசாங்க ஆய்வுகூடமே பயன்படும். மருந்துக்கும் மாவுக்கும் சோதனை கேட்கும் நாம் சட்டிக்கும் சோதனை கேட்க வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனை ஒரு கோரிக்கையாக எடுத்தால் என்ன?

பாத்திரம் அடுப்போடு சேர்த்தே தெரியப்பட வேண்டியது என்பதை நமக்கு 2022ஆம் ஆண்டு கற்பித்தது. எரிவாயு கிடைக்காமல் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு நீண்ட வரிசைகளில் நின்ற அம்மாதங்களில், நகரத்து வீடுகளின் பின்புறங்களிலும் மூன்று கல் அடுப்புகள் மீண்டும் எழுந்தன. எரிவாயுவுக்கென வாங்கிய தட்டை அடிப் பாத்திரங்களின் மெல்லிய அடி விறகுத் தீயிற் கருகிப் பிடித்தது. பிளாஸ்டிக் கைப்பிடிகள் உருகின. கைவிடப்பட்ட மண்சட்டியையும் இருப்புத் தாச்சியையும் தேடியவர் பலர். உருண்ட அடிப் பானையோ மறுபுறம் எரிவாயு அடுப்பில் நிலைகொள்ளாது.

எனவே, மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பம் புதிதாகப் பாத்திரம் சேர்ப்பதாயின் நாம் சொல்லக்கூடியது இதுவே. பெட்டியில் அடுக்கிவரும் பன்னிரண்டு, பதினைந்து உருப்படித் தொகுதியை வாங்க வேண்டாம்; அதிற் பாதி அலுமாரிக்கே உரியது. சோற்றுக்கும் பருப்புக்கும் கனத்த அடியுடைய துருப்பிடியா உருக்குப் பாத்திரங்கள் இரண்டு, அளவொத்த மூடியோடு. உருக்கு வெப்பத்தை மந்தமாகவே கடத்துவதால், அடியில் அலுமினியமோ செம்போ இடையிட்டுப் பொருத்தியவையாக இருந்தால் நன்று. மெல்லிய உருக்குச் சட்டியிற் பருப்பு அடிப்பிடித்தால் அது சமைத்தவரின் பிழையன்று. புளிக்கறிக்கு நன்கு சுட்ட மண்சட்டி ஒன்று. தட்டிப் பார்த்தால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பொரியலுக்கும் வறையலுக்கும் இருப்புத் தாச்சி. அது துருப்பிடிக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. கழுவி உலர்த்தி எண்ணெய் தடவினால் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும். பால் காய்ச்ச ஒரு சிறு பாத்திரம். அலுமினியம் வாங்கினால் தகட்டில் அடித்த, தயாரித்தவர் பெயருள்ளதாகப் பார்த்து வாங்குக. புளியும் உப்பும் சேர்ந்த கறியை அதில் இரவு முழுவதும் விட்டு வைக்காதிருப்பது நல்லது.

பாத்திரத்தை எடுத்துப் பார்க்கும்போது அதனைத் தேய்க்கப்போகும் கை எது என்பதையும் கடையிலேயே எண்ணிப் பார்ப்பது தகும். நீர் நிறைந்த நிலையில் அதனைத் தூக்க இயலுமா, விளிம்பு மடிப்பினுள் அழுக்குத் தங்குமா, கைப்பிடி ஆணியைச் சுற்றித் தேய்க்க விரல் நுழையுமா என்று ஆண்களும் ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்த பின் அவர்களும் தேய்க்கட்டும். விறகடுப்பில் வைத்த பாத்திரத்தின் புறக்கரியைப் பளபளக்கும் வரை தேய்ப்பதோ முற்றிலும் வீண் உழைப்பு. கறுத்த புறம், மினுங்கும் புறத்தினும் நன்றாகவே தீயின் வெப்பத்தை ஏற்கும். உதிரும் கரியைத் துணியால் துடைத்துவிட்டு உட்புறத்தை மட்டும் கழுவி வைத்தாற் போதும்.